மலையில் வீடு வாங்க வருகிறீர்களா? கெடுவை நீங்களே வையுங்கள்

லண்டன், டொராண்டோ பக்கமிருந்து பள்ளி விடுமுறைக்கு வந்து, ரெண்டு வாரத்துக்குள் குன்னூரிலோ கோத்தகிரியிலோ ஒரு வீட்டைப் பேசி முடித்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது: திரும்பிப் போகும் தேதியைப் புரோக்கரிடம் சொல்லாதீர்கள். "எப்போ சார் ஃப்ளைட்டு?" என்று டீ குடிக்கும்போது சாதாரணமாகத்தான் கேட்பார்கள். தேதி தெரிந்துவிட்டால் கடைசி ரெண்டு நாள் வரை விலை அசையாது, அப்புறம் "இன்னொரு பார்ட்டி நாளைக்கே அட்வான்ஸ் போட ரெடியா இருக்காங்க" என்று போன் வரும். அந்த அவசரத்தில் கொடுக்கிற டோக்கன் பணம்தான் திரும்பி வருவதேயில்லை.

விலை பேசுவதற்கு முன்னால் ஒன்று. இந்தியப் பாஸ்போர்ட்டோடு வெளிநாட்டில் வசிப்பவரும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை வைத்திருப்பவரும் வீடு, கடை வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்க முடியாது. "வீட்டோட கொஞ்சம் டீயும் வருது சார்" என்று ஆசையாகக் காட்டுவார்கள், அந்த டீ நிலம் அரசுப் பதிவேட்டில் எந்த வகைப்பாட்டில் இருக்கிறது என்று தெரியாமல் ஒரு ரூபாய் கூடப் பேசாதீர்கள். மலைப் பகுதிப் பாதுகாப்புக் குழுவின் (ஹாக்கா) பட்டியலில் உள்ள கிராமமா என்றும் கேளுங்கள், அங்கே புதிதாகக் கட்ட அந்தக் குழுவின் அனுமதி வேண்டும். கூடலூர், பந்தலூர் பக்கம் என்றால் ஜமீன் போன்ற பழைய ஜென்ம நிலங்களை அரசு எடுத்துக்கொள்ளக் கொண்டுவந்த 1969 ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் சிக்கல் இருக்கிறது, அங்கே முதலில் வக்கீல், பிறகுதான் புரோக்கர்.

இடம் பிடித்துவிட்டதா? சரி, வாயால் சொல்லாமல் வாட்ஸ்அப்பில் எழுதிக் கொடுங்கள். இப்படி: "கோத்தகிரி வீடும் 11 சென்ட் இடமும் பேசிய விலைக்கு எடுத்துக்கொள்கிறோம். இந்த விலை வெள்ளிக்கிழமை மாலை 5 மணி வரைதான். ஓனருக்குச் சம்மதம் என்றால் மூலப்பத்திரம், பட்டா, 30 வருட வில்லங்கச் சான்று நகல்களை அனுப்பச் சொல்லுங்கள். வக்கீல் பார்த்துச் சரி என்றால் பத்து நாளில் அக்ரிமென்ட், அட்வான்ஸ் அன்றைக்குத்தான்." மலையில் ஒரு வீட்டுக்குப் பின்னால் மூன்று நான்கு புரோக்கர்கள் கைகோத்து நிற்பது சகஜம், உங்கள் விலை நடுவில் யாரிடமாவது நின்றுபோயிருக்கலாம். அதனால் கெடு முடிவதற்குள் ஓனரிடம் ஒரு தடவையாவது நேரில் பேச வேண்டும் என்று கேளுங்கள். கூட்டுப் பட்டாவோ, ஓனர் இறந்துபோய் வாரிசுகள் விற்பதோ என்றால் அத்தனை பேரும் சம்மதம் சொல்ல வேண்டும், ஒரு தங்கை பெங்களூரில் இருந்தாலும் அவரும்தான், அப்போது மூன்று நாள் கெடு போதாது, பத்து நாள் கொடுங்கள். கெடு முடிந்தும் பதில் இல்லையா? மறுநாள் காலை "வேறு இடம் பார்க்கிறோம்" என்று எழுதிவிட்டு உண்மையாகவே வேறு இடம் பாருங்கள். சத்தமில்லாமல் நீட்டிக் கொடுத்தால் அடுத்து நீங்கள் சொல்லும் எந்தத் தேதிக்கும் மதிப்பிருக்காது.

இன்னொரு விஷயம், ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை ஆடி. உங்கள் விடுமுறை அதில்தான் விழும். ஆடிப்பெருக்கைத் தவிர அந்த மாதத்தில் பத்திரம் போடப் பலர் சம்மதிக்க மாட்டார்கள். அது உங்களுக்கு நல்லதுதான், ஆடியில் பார்த்துப் பேசி, காகிதங்களைச் சோதித்து, ஆவணிக்குக் கெடு வையுங்கள். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் நிஜமான மழை வடகிழக்குப் பருவத்தில்தான், 2009 நவம்பரில் மண் சரிந்து பல உயிர்கள் போனதும் அப்போதுதான். வீட்டுக்குப் பின்னால் உள்ள தடுப்புச்சுவரையும் தண்ணீர் வடியும் வழியையும் பாருங்கள், மழையில் மேடு என்ன ஆகும் என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள்.

தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து விற்பனை அக்ரிமென்ட்டையும் பதிவு செய்தாக வேண்டும், வெறும் ஸ்டாம்ப் பேப்பரில் கையெழுத்து வாங்கி அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். அதில் தேதியை மட்டும் எழுதினால் போதாது. நிலம், வீடு விஷயத்தில் தேதி போட்டிருக்கிறது என்பதற்காக மட்டும் நீதிமன்றம் அதைக் கண்டிப்பான கெடுவாக எடுத்துக்கொள்வதில்லை. இந்தத் தேதிக்குள் முடித்தே ஆக வேண்டும், வில்லங்கம் தெரிந்தால் முழு அட்வான்ஸும் இத்தனை நாளில் திரும்ப வர வேண்டும் என்று வெளிப்படையாக எழுதச் சொல்லுங்கள். அக்ரிமென்ட்டிலிருந்து கிரயத்துக்கு மூன்று மாதம் என்பது வழக்கம், நாள் கணக்கு உங்கள் கையில் காகிதங்கள் வந்த தேதியிலிருந்து ஓடட்டும். முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், இதை விலைக்கு மேல் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பணம், வெளிநாட்டில் வசிப்பவர்கள் இந்திய வங்கியில் வைத்துக்கொள்ளும் என்ஆர்இ அல்லது என்ஆர்ஓ கணக்கிலிருந்து வங்கி வழியாகவே போகட்டும், வெளிநாட்டு நோட்டாகக் கொடுக்கக் கூடாது.

கிரயத்தன்று வர முடியாதென்றால் கிளம்புமுன் இங்கேயே சார்பதிவாளர் அலுவலகத்தில் உங்கள் சார்பில் ஒருவர் கையெழுத்துப் போட பவர் (அதிகாரப் பத்திரம்) எழுதி வையுங்கள், இந்த ஒரு சொத்தை வாங்க மட்டும். அங்கே போய்த் தூதரகத்தில் எழுதினால், அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும், இந்தக் கணக்கை மறந்து கிரயத் தேதியைத் தவறவிடுபவர்கள் உண்டு. புரோக்கரையே பவர் ஏஜென்ட்டாகப் போடாதீர்கள், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி. கமிஷன் எத்தனை சதவீதம், எத்தனை பேருக்குப் பிரியும் என்று விலை பேசும் அன்றே முடிவு செய்து, பத்திரம் பதிவான அன்று கையில் கொடுங்கள்.