450 ஹெலிகாப்டரில் மெட்டல் ரோட்டர் ஹெட் பொருத்துவது எப்படி

ரேடியோவால் இயக்கும் 450 அளவு மாடல் ஹெலிகாப்டரில், பிளாஸ்டிக் ரோட்டர் ஹெட்டை (பிளேடுகளைத் தாங்கிச் சுழலும் தலைப்பகுதி) கழற்றிவிட்டு அலுமினிய ஹெட் போட்ட மாத்திரத்தில் ஹெலி நன்றாகப் பறந்துவிடாது. பிளேடின் அடியைக் கவ்வியிருக்கும் பிளேடு கிரிப்பைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் மாற்றுங்கள். ஆட்டமே இல்லையென்றால் அவசரம் ஒன்றுமில்லை. விழும்போது பிளாஸ்டிக் கிரிப் தான் உடைந்து அடியை வாங்கிக்கொள்ளும். அலுமினியம் லேசில் உடையாது. அந்த அடி மெயின் ஷாஃப்டுக்கும் மெயின் கியருக்கும் சர்வோ (பிளேடின் கோணத்தை மாற்றும் சிறு மோட்டார்) பற்களுக்கும் போய்ச் சேரும். அவற்றுக்கு உபரி வாங்கி வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குவது நல்லது.

வாங்குவதற்கு முன் மூன்று அளவுகளைப் பாருங்கள்: மெயின் ஷாஃப்டின் விட்டம் (450 வகையில் பெரும்பாலும் 5 மி.மீ.), ஹெட் போல்ட் போகும் துளை, பிளேடின் அடிப்பகுதித் தடிமன். ஃபிளைபார் (பிளேடுகளுக்குக் குறுக்கே இருக்கும் நிலைப்படுத்தும் கம்பி) இல்லாத ஹெட் என்றால் அந்த வேலையைச் செய்யும் மூன்று அச்சு கைரோவும் வேண்டும். அது இல்லாமல் பறக்க முயல வேண்டாம்.

முதல் வேலை, மோட்டார் ஒயர்களை ஈஎஸ்சியிலிருந்து (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) பிடுங்கிவிடுவது.

புதிய ஹெட் பூட்டியே வந்தாலும் முழுவதும் பிரித்துவிடுங்கள். உள்ளே த்ரெட்லாக் (திருகு கழலாமல் பிடிக்கும் திரவம்) போட்டிருக்கிறார்களா, எவ்வளவு போட்டிருக்கிறார்கள் என்று வெளியிலிருந்து தெரியாது. திருகுகளையும் மரைகளையும் ஆல்கஹாலால் துடைத்து எண்ணெய்ப் பசையை எடுங்கள். பசை இருந்தால் த்ரெட்லாக் பிடிக்காது. உலோகத்தோடு உலோகம் சேரும் இடத்தில் மட்டும் நீல நிற த்ரெட்லாக் ஒரு சொட்டு. பேரிங்கில் வழிந்தால் பேரிங் இறுகிப்போகும், பிளாஸ்டிக்கில் பட்டால் அது விரிசல் விடும்.

அதிகம் தவறு நடப்பது த்ரஸ்ட் பேரிங்கில்தான். அதன் இரண்டு வளையங்களும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். உள்துளை மட்டும் வேறு. இரு கிரிப்புகளையும் இணைக்கும் ஃபெதரிங் ஷாஃப்டில் கோத்துப் பாருங்கள்: தளர்வாக நழுவுவது பெரிய துளை வளையம். அது உள்ளே, ஹெட்டின் நடுப்பகுதியைப் பார்த்து இருக்க வேண்டும். சிறிய துளை வளையம் வெளியே, திருகின் பக்கம். இடையில் குண்டுகள், கிரீஸோடு. 2,800 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கான சுற்றுகள்) 33 கிராம் பிளேடு, அதன் எடைமையம் மையத்திலிருந்து 20 செ.மீ. தள்ளி இருந்தால், 50 கிலோவுக்கும் மேலான விசையோடு வெளியே இழுக்கிறது. அந்த இழுவை முழுவதையும் தாங்குவது இந்தப் பேரிங். தலைகீழாகப் போட்டால் கையில் சுற்றும்போது வழுக்கிக்கொண்டுதான் போகும். சுழலும்போது கிரிப் இறுகி, சர்வோக்கள் திணறும்.

ஹெட்டின் நடுப்பகுதியில் ஃபெதரிங் ஷாஃப்டைத் தாங்கும் டேம்பர் ரப்பருக்கு லேசாக கிரீஸ் தடவி நுழையுங்கள். மென்மையான ரப்பர் நிதானமாகப் பறப்பவர்களுக்கு, கெட்டியானது 3டி (தலைகீழாகவும் வித்தை காட்டியும்) பறப்பவர்களுக்கு. குறைந்த வேகத்தில் கெட்டி ரப்பர் போட்டால் உடல் குலுங்கும். ஃபெதரிங் ஷாஃப்டின் இரண்டு முனைத் திருகுகளையும் இரண்டு ஆலன் கீயால் எதிரெதிராக ஒரே நேரத்தில் முறுக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் முறுக்கினால் மறுபக்கத் திருகு கழன்று வரலாம்.

ஹெட்டை மெயின் ஷாஃப்டில் இறக்கியதும் பழைய போல்டைத் திரும்பப் போடாதீர்கள். புதிய போல்டின் மரை இல்லாத பகுதி ஷாஃப்ட் துளைக்குள் உட்கார வேண்டும். மரை போய் உட்கார்ந்தால் நாளடைவில் துளை தேய்ந்து ஆட்டம் வரும்.

இனி அளவு பார்ப்பது. டிரான்ஸ்மிட்டரில் ஸ்டிக்கை நடுவில் வைத்து, சர்வோ ஆர்ம்கள் லிங்க்குக்கு (இணைப்புக் கம்பி) செங்கோணமாகவும் ஸ்வாஷ்பிளேட் (சர்வோ அசைவை பிளேடுகளுக்குக் கடத்தும் தட்டு) மட்டமாகவும் இருக்கிறதா பாருங்கள். பிறகு இரு பிளேடிலும் பிட்ச் கேஜில் (பிட்ச், அதாவது பிளேடின் சாய்கோணத்தை அளக்கும் கருவி) 0 டிகிரி வரும்வரை லிங்க் நீளத்தைத் திருத்துங்கள். இதை டிரான்ஸ்மிட்டர் டிரிம்மால் சரிக்கட்டுவது சோம்பேறித்தனம். ஒரு திசையில் பிட்ச் குறைந்துபோகும். மேலும் கீழும் 11 டிகிரி போதும். பிளேடு வால் குழாய்க்கு இணையாக இருக்கும்போது எலிவேட்டரை (ஹெலியை முன்பின் சாய்க்கும் ஸ்டிக்) அசைத்தால் பிட்ச் மாறக் கூடாது. மாறினால், ஸ்வாஷ்பிளேட்டை ஹெட்டோடு சேர்த்துச் சுற்றவைக்கும் ஃபாலோயர் ஆர்ம் மெயின் ஷாஃப்டில் திரும்பி உட்கார்ந்திருக்கிறது.

பிளேடு போல்டை, ஹெலியைப் பக்கவாட்டில் சாய்த்தால் பிளேடு தானாக விழாமலும், ஒரு சிறு உதறலுக்கு மடங்கும்படியும் முறுக்கினால் போதும்.

முதல் முறை சுழற்றும்போது 10 மீட்டராவது தள்ளி நில்லுங்கள். ஒரு பிளேடு நுனியில் வண்ண டேப் ஒட்டியிருந்தால், எது மேலே ஓடுகிறதென்று தெரியும். அதன் பிட்ச் குறையும்படி லிங்க்கைச் சுற்றுச் சுற்றாகத் திருத்துங்கள். நுனிகள் ஒன்றாக ஓடியும் அதிர்வு இருந்தால், வளைந்த ஃபெதரிங் ஷாஃப்டைச் சந்தேகியுங்கள். கண்ணாடிமேல் உருட்டினால் தெரிந்துவிடும்.

ஒரு பேட்டரி ஓடியதும் இறக்கி எல்லாத் திருகையும் மீண்டும் தொட்டுப் பாருங்கள். கிரிப்பைக் கையால் திருப்பும்போது கரகரத்தால் அடுத்த பேட்டரியைப் போடாமல் பிரியுங்கள்.