இங்கிலாந்தில் சர்ச் பள்ளியில் பிள்ளையைச் சேர்ப்பது எப்படி?

லண்டனுக்கு வந்த புதிதில் வீட்டருகே 'சி ஆஃப் ஈ' (சர்ச் ஆஃப் இங்கிலாந்து, அதாவது இங்கிலாந்து திருச்சபை) என்று பலகை மாட்டிய தொடக்கப் பள்ளியைப் பார்த்துவிட்டு, நம் ஊர் கான்வென்ட் மாதிரி பீஸ் தீட்டிவிடுவார்கள் என்று ஒதுங்கிப்போனேன். அது தப்பு. இங்கிலாந்து திருச்சபைப் பள்ளிகளில் பெரும்பாலானவை அரசுப் பணத்தில் நடப்பவை. படிப்புக்குக் கட்டணம் இல்லை. அட்மிஷனுக்காக நன்கொடை கேட்கவோ பெற்றோரை நேர்காணல் செய்யவோ கூடாது.

தொடக்கப் பள்ளியின் முதல் வகுப்பான ரிசப்ஷனை வைத்துச் சொல்கிறேன். பிள்ளைக்கு 4 வயது நிறைந்தபின் வரும் செப்டம்பரில் அங்கே சேர்க்கலாம்.

படி 1: பள்ளி எந்த வகை?

'வாலண்டரி கண்ட்ரோல்டு' என்றால் சேர்க்கை விதிகளைப் போடுவது கவுன்சில், அதாவது உள்ளாட்சி. பெரும்பாலும் மதம் கணக்கில் வராது. 'வாலண்டரி எய்டட்' என்றால் பள்ளியின் நிர்வாகக் குழுவே விதி போடும். சர்ச்சுக்குப் போகும் குடும்பங்களுக்கு முன்னுரிமை தரலாம். அகாடமி (கவுன்சிலின் கீழ் வராமல் அரசின் பணத்தில் நேரடியாக நடக்கும் பள்ளி) என்றால் விதிகளைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இந்துவோ முஸ்லிமோ யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். இடம் மிஞ்சியிருந்தால் மதத்தைக் காட்டி மறுக்க முடியாது.

படி 2: சேர்க்கை விதிகளை வரிவரியாகப் படியுங்கள்

பள்ளியின் இணையதளத்தில் இருக்கும். உங்கள் பிள்ளை சேரப்போகும் வருடத்துக்கு உரியதுதானா என்று பாருங்கள். அரசுப் பராமரிப்பில் இருக்கும், முன்பு இருந்த பிள்ளைகளுக்குப் பொதுவாக முதல் இடம். அப்புறம்தான் சர்ச் கணக்கு. மாதம் இருமுறை ஆராதனைக்கு வந்திருக்க வேண்டும், அதுவும் ஒரு வருடமாக என்று ஒரு பள்ளி கேட்கும். இன்னொன்று இரண்டு வருடம் கேட்கும். ஞானஸ்நானச் சான்று எல்லாப் பள்ளிகளும் கேட்பதில்லை.

நாங்கள் சறுக்கியது இங்கேதான். ஞாயிறு மதியம் ஒரு சர்ச் கட்டடத்தை வாடகைக்கு எடுத்து நடக்கும் தமிழ் ஆராதனைக்குத் தவறாமல் போய்க்கொண்டிருந்தோம். விதியில் கேட்டதோ அந்தக் கட்டடத்துக்குச் சொந்தமான திருச்சபையின் காலை ஆராதனை. ஆராதனைக்கு வந்ததற்குச் சான்றாகக் கையெழுத்து வாங்கப் போனபோதுதான் அந்தப் போதகருக்கு எங்கள் முகமே தெரியாது என்பது உறைத்தது. சி.எஸ்.ஐ. சபையும் இங்கிலாந்து திருச்சபை இருக்கும் ஆங்கிலிக்கன் கூட்டமைப்பில் இருப்பதுதான், ஆனாலும் அது மட்டும் போதாது. எந்த சர்ச், எத்தனை முறை, எத்தனை காலம் என்று விதி சொல்வதுதான் கணக்கு. ஊர்விட்டு வந்தவர்கள் பழைய சபையிலிருந்து கடிதம் கொண்டுவந்தால் சில பள்ளிகள் ஏற்கும். பள்ளி அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். ஆராதனைக்கு வருகைப் பதிவேடு இருந்தால் வாராவாரம் மறக்காமல் கையெழுத்திடுங்கள்.

படி 3: படிவம் ஒன்றல்ல, இரண்டு

முதலாவது கவுன்சிலின் ஆன்லைன் விண்ணப்பம். கடைசி நாள் ஜனவரி 15. நீங்கள் குடியிருக்கும் பகுதியின் கவுன்சிலில்தான் போட வேண்டும், பள்ளி பக்கத்து கவுன்சிலில் இருந்தாலும் சரி. இரண்டாவது கூடுதல் தகவல் படிவம். போதகர் கையெழுத்துடன், பள்ளி சொல்லும் தேதிக்குள் அநேகமாக நேராகப் பள்ளியிலேயே கொடுக்க வேண்டும். இதை மட்டும் கொடுத்தால் விண்ணப்பித்ததாகவே ஆகாது. கவுன்சில் விண்ணப்பத்தை மட்டும் போட்டால் சர்ச் முன்னுரிமை போய்விடும்.

அதே பள்ளியின் நர்சரியில் படிக்கிற பிள்ளைக்கும் புதிதாக விண்ணப்பிக்கத்தான் வேண்டும். இதில் ஏமாந்தவர்கள் நிறைய.

படி 4: வரிசை

லண்டனில் 6 பள்ளிகள் வரை எழுதலாம், மற்ற இடங்களில் குறைந்தது 3. எத்தனையாவதாக எழுதினீர்கள் என்பதை வைத்துப் பள்ளி இடம் தர முடியாது. அதனால் உண்மையிலேயே பிடித்ததை முதலில் போடுங்கள். நடந்து போகும் தூரத்தில் இருக்கும் சாதாரணப் பள்ளி ஒன்றையும் கடைசியிலாவது சேருங்கள்.

படி 5: ஏப்ரல் 16

முடிவு வரும் நாள் இது. விடுமுறையானால் அடுத்த வேலை நாள். கேட்டது கிடைக்காவிட்டாலும் கொடுத்த இடத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். அதனால் காத்திருப்புப் பட்டியலில் உங்கள் இடம் கீழே இறங்காது. மேல்முறையீடு செய்யலாம், ஆனால் சின்னப் பிள்ளைகளின் வகுப்புகளில் ஓர் ஆசிரியருக்கு 30 பிள்ளைகள்தான் என்ற சட்டம் இருப்பதால் ஜெயிப்பது கடினம். காத்திருப்புப் பட்டியல் டிசம்பர் 31 வரையாவது இருக்கும். எங்களுக்குப் போன் வந்தது செப்டம்பர் முதல் வாரத்தில், வேறு பள்ளியின் சீருடையெல்லாம் வாங்கி முடித்த பிறகு.