ஆன்லைன் ஆங்கில வகுப்பில் கவிதை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோத்தகிரியிலோ குன்னூரிலோ வீட்டில் இருந்தபடி ஆன்லைனில் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவர்கள் பலர் கவிதையை எடுத்ததும் வரிக்கு வரி தமிழில் பொருள் சொல்ல ஆரம்பித்துவிடுகிறார்கள். இலவச ஜூம் தரும் 40 நிமிடமும் அதிலேயே கரைந்துவிடும். பிள்ளைகள் வாயிலிருந்து ஓர் ஆங்கில வரிகூட வந்திருக்காது. கவிதையை வகுப்புக்குக் கொண்டுவருவதே ஓசைக்காகத்தான். எல்லா அசையையும் ஏறக்குறைய ஒரே அழுத்தத்தில் சொல்லிப் பழகிய நம் நாக்குக்கு, ஆங்கிலத்தில் எதை அழுத்துவது, எதை விழுங்குவது என்று பாட்டுதான் சுலபமாகக் காட்டும்.

வேர்ட்ஸ்வர்த்தின் டாஃபடில்ஸ் கவிதையின் முதல் வரி, 'ஐ வாண்டர்ட் லோன்லி ஆஸ் எ கிளவுட்'. வாண், லோன், கிளவுட் என்ற மூன்று இடத்திலும் மேஜையைத் தட்டச் சொல்லுங்கள். யாப்புக் கணக்குப்படி 'ஆஸ்' மீதும் ஒரு தட்டு உண்டு. பேச்சில் யாரும் அதை அப்படி அழுத்துவதில்லை, விட்டுவிடலாம். மேஜை தட்டும் சத்தத்தைச் செயலி இரைச்சல் என்று வடிகட்டிவிடும். அதனால் உங்கள் கை கேமராவில் தெரியட்டும். பொருளை அப்புறம் இரண்டு வாக்கியத்தில் சொன்னால் போதும்.

அடுத்தது கோரஸ். 'எல்லாரும் சேர்ந்து சொல்லுங்க' என்று மைக்கைத் திறந்துவிட்டால் ஒவ்வொரு குரலும் ஒவ்வொரு தாமதத்தில் வந்து சேரும். சந்தைக்கடைதான். எல்லாரும் மியூட்டில் இருந்தபடி உங்களோடு சேர்ந்து சொல்லட்டும். பிறகு ஒருவர் மட்டும் மைக்கைத் திறக்கட்டும். கூச்சப்படுகிற பிள்ளை மியூட்டில்தான் வாயைத் திறக்கும்.

முழுக் கவிதையையும் ஒரே திரையில் திணிக்காதீர்கள். போனில் பார்க்கும் பிள்ளைக்கு எழுத்து பொடியாகத் தெரியும். வாட்ஸ்அப்பில் தட்டச்சு செய்து அனுப்பினாலோ வரிகள் கண்ட இடத்தில் உடையும். நான்கு நான்கு வரியாகப் படமாக்கி முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். ஐப்பசி மழையில் கரண்டும் சிக்னலும் சேர்ந்து போனாலும் வரிகள் அவர்கள் போனில் இருக்கும்.

'கவிஞர் என்ன சொல்ல வருகிறார்?' என்ற கேள்வி வேண்டாம். அதற்குப் பதில் நோட்ஸிலிருந்துதான் வரும். இதே கவிதை 1807இல் முதலில் அச்சானபோது அதில் வரும் டாஃபடில் பூக்கள் 'டான்சிங் டாஃபடில்ஸ்'. 1815 பதிப்பில்தான் 'கோல்டன்' ஆயின. அந்த இடத்தைக் காலியாக விட்டு, சாட்டில் ஆளுக்கொரு சொல் போடச் சொல்லுங்கள். 'பியூட்டிஃபுல்' நிச்சயம் வரும். தட்டிப் பார்த்தால் ஓர் அசை கூடுதலாகி இடிக்கும். 'யெல்லோ' கச்சிதமாக உட்காரும். ஏன் என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். அதன்பிறகு இரண்டு பதிப்பையும் காட்டுங்கள். வேர்ட்ஸ்வர்த்தே மாற்றி எழுதினார் என்று தெரிந்ததும், எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தன் சொல்லுக்காக வாதாடத் தைரியம் வரும். அந்த வாதம் ஆங்கிலத்தில் நடந்தால் அன்றைய வகுப்பு ஜெயித்த மாதிரி.

சொந்தமாக எழுதச் சொல்லும்போது ரைமைக் கட்டாயமாக்காதீர்கள். அதற்காகச் சொல்லைத் திருகுவார்கள். ஜன்னலுக்கு வெளியே தெரியும் தேயிலைச் சரிவைப் பற்றி, அதே தாளத்தில் ஒரே வரி போதும்.

அதை வாட்ஸ்அப் ஆடியோவாக வாங்கி, ஒரு ஆடியோவுக்கு ஒரே திருத்தம் என்று தனியாக அனுப்புங்கள். பத்துத் தவறைப் பட்டியல் போட்டு குரூப்பில் பதிந்தால், அடுத்த வாரம் 'நெட் இல்ல மிஸ்' என்றுதான் பதில் வரும்.