வாய்ப்புண் நோகேல்லை எண்டு விட்டிடாதேங்கோ

எங்கட பெரியம்மாக்கு இடப்பக்கக் கொடுப்புக்குள்ள வெள்ளையா ஒரு படை கிடந்தது, பாலாடை ஒட்டின மாதிரி, ஆனா துடைச்சா வராது. நோகேல்லைத்தானே, சும்மா சூடு எண்டு சொல்லிச் சொல்லியே ரெண்டு அருவிவெட்டுக் காலத்தைக் கடத்திப்போட்டா. வன்னியில நான் காணுற முதல் பிழையே இதுதான், பெரிய பிழையும் இதுதான். வாய்க் கான்சர் தொடக்கத்தில அனேகமா நோகாது, நோகத் தொடங்கேக்க ஆழத்துக்குப் போயிருக்கும்.

என்ன நடக்குதெண்டா, வெத்திலை போடேக்க பாக்கில இருக்கிற அரிக்கோலின், புகையிலையில இருக்கிற நைட்ரோசமைன் எண்ட ரெண்டு இரசாயனமும் கலத்தின்ர மரபணுவைப் பழுதாக்கும், சுண்ணாம்பு தோலை அரிச்சு அதுக்கு வழி விடும். கொஞ்சம் பழுதெண்டா உடம்பு தானே திருத்திப்போடும், திருத்தேலாட்டி அந்தக் கலம் செத்துப்போகும். ஆனா ஒரே கொடுப்புக்குள்ள வருசக்கணக்கா அதக்கி வச்சிருந்தா, பழுது பாக்கிற மரபணுவே பழுதாப்போய், கலம் ஆற்றையும் சொல்லுக் கேளாமப் பெருகத் தொடங்கும். வாய்த்தோலுக்குக் கீழ ஒரு மெல்லிய சவ்வு இருக்கு, அதைத் தாண்டிச்சுதெண்டால்தான் கான்சர், பிறகு நிணநீரோட கழுத்துக்கு இறங்கி நெறி கட்டும். வயலுக்க கோரை மாதிரித்தான், மேல தெரியிறதை விட கீழ ஓடுறதுதான் கனக்க.

நான் புகையிலை போடுறேல்லை, வெறும் வெத்திலை பாக்குத்தான் எண்டு சொல்லுற ஆக்கள் இருக்கினம். உலக சுகாதார நிறுவனத்தின்ர புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004இல வெளியிட்ட அறிக்கையில புகையிலை இல்லாட்டியும் பாக்கு கான்சரை உண்டாக்கும் எண்டு போட்டிருக்கு. செத்தவீட்டில வெத்திலைத் தட்டம் நீட்டினா வேண்டாமெண்டு சொல்ல ஒரு மாதிரித்தான் இருக்கும், விளங்குது, ஆனா ராவில அதக்கிக்கொண்டு படுக்கிறதையாவது விடுங்கோ.

மூண்டு விரலை ஒண்டுக்கு மேல ஒண்டா அடுக்கி வாய்க்குள்ள விட்டுப் பாருங்கோ. முந்திப் போன விரல் இப்ப போகேல்லை, கறி உறைப்பும் தாங்கேல்லை எண்டா உள்சதை இறுகுது, அது இன்னும் கான்சர் இல்லை, ஆனா அதுக்குப் போற பாதை. டோர்ச் அடிச்சு நாக்குக்குக் கீழயும் பாருங்கோ. வெள்ளைப் படையை விட சிவப்புப் படைக்குத்தான் கூடப் பயப்பிடவேணும்.

ரெண்டு கிழமைக்கு மேல ஆறாத புண்ணுக்கு பாமசியில களிம்பு வாங்கிப் பூசிக்கொண்டு இருக்காதேங்கோ, ஆசுப்பத்திரிப் பல்லு டொக்டரிட்டக் காட்டினாக் காணும், அவர் தேவையெண்டா ஒரு துண்டு வெட்டிச் சோதினைக்கு அனுப்புவார். அங்கதான் அடுத்த பிழை, "கத்தி பட்டா பரவிடும்" எண்டு ஊரில ஆராவது சொல்லி மறிப்பினம். துண்டு வெட்டிறதால பரவிறேல்லை, வெட்டாமக் கிடந்த மாதங்களிலதான் பரவினது.

மற்றது உடம்பு வத்திறது. சத்துமாக் கரைச்சுக் குடுத்தா ஏறிடும் எண்டு நினைப்பினம், சாப்பிடேலாததும் ஒரு காரணம்தான், ஆனா கட்டி கிளப்பிற அழற்சியே தசையைக் கரைக்கும், அதால சாப்பாட்டால மட்டும் ஏத்தேலாது. கோப்பை தண்ணி வேறயா வைக்கிறது தேவையில்லாத வேலை, இது தொத்திற வருத்தம் இல்லை.

கரண்ட் பிடிக்கிறது, அதுதான் கதிர்ச் சிகிச்சை, கிழமைக்கு அஞ்சு நாள், ஆறு கிழமை மட்டில இழுக்கும், வாய் முழுக்க வெந்து போகும். முல்லைத்தீவில இருந்து தெல்லிப்பழைக் கான்சர் ஆசுப்பத்திரிக்குப் போய் நிண்டு செய்யிற சனத்துக்கு அது லேசில்லை, அதால நடுவில விட்டிட்டு வந்திடுவினம். இடைவெளி விட்டா மிஞ்சின கலம் திரும்பப் பெருகும். பெரியம்மாவும் நடுவில வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போகோணுமெண்டு ஒற்றைக்காலில நிண்டவ, பேச்சு வாங்கி வாங்கி மறிச்சுப்போட்டம். அடுத்த வைகாசிக்குக் கூட்டிக்கொண்டு போனனாங்கள், தட்டத்தைத்தான் வீட்டில விட்டிட்டு வந்தவ.