பழைய மோட்டார் சைக்கிளில் இறுகிப்போன பாகங்கள்: கழற்றும்போது நடக்கும் தவறுகள்

தாத்தா ஓட்டிய ஹோண்டா கப்சாயோ (சின்ன கியர் வண்டி), தோட்டத்துக் கிராணி விட்டுப்போன பிஎஸ்ஏவோ, வீட்டோரம் சில ஆண்டுகள் நின்றுவிட்டால் போதும். பினாங்குக் கடல் காற்று அதன் ஒவ்வொரு நட்டையும் இருந்த இடத்திலேயே பூட்டிவிடும். கேன்வாஸ் போட்டு மூடியிருந்தால் இன்னும் மோசம். உள்ளே ஈரம் தங்கி வேலையை வேகப்படுத்தும். ஆனால் அப்படிப்பட்ட வண்டிகள் பட்டறைக்கு வரும்போது, துரு செய்த சேதத்தைவிடச் சொந்தக்காரர் முதல் நாள் செய்த சேதம்தான் பெரும்பாலும் கண்ணில் படுகிறது. துருவைச் சமாளிக்கலாம். உருண்டுபோன போல்ட் தலை, விரிசல் விட்ட அலுமினிய உறை, பல் உடைந்த கிக்கர் என்று வந்தால் பாகம் தேடி லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் காலை காலையாக அலைய வேண்டியதுதான்.

எதனால் பிடித்திருக்கிறது என்று பார்க்காமலே பலத்தைப் போடுவது மற்ற தவறுகளுக்கெல்லாம் தாய். பல நேரம் அந்தப் பாகம் இறுகியே இருக்காது. கையில் இருக்கும் கருவிதான் தப்பு.

ஜப்பான் வண்டிகளின் என்ஜின் உறையிலும் கார்புரேட்டரிலும் கூட்டல் குறி போட்ட ஸ்குரூக்கள் இருக்கும். பார்க்க பிலிப்ஸ் மாதிரியே தெரியும், ஆனால் அவை ஜப்பானியத் தொழில்தரப்படி, அதாவது ஜேஐஎஸ் அளவில், வெட்டப்பட்டவை. பிலிப்ஸ் ஸ்குரூ டிரைவர் அந்தப் பள்ளத்தில் முழுதாக இறங்கி உட்காராது. முறுக்க முறுக்க மேலே எழும்பி வந்து பள்ளத்தைத் தின்றுவிடும். பல ஸ்குரூக்களின் தலையில் சின்னதாக ஒரு புள்ளி இருக்கும், அதுதான் அடையாளம். ஜேஐஎஸ் டிரைவர் ஒன்று வாங்குங்கள். அதற்கும் அசையாவிட்டால், சுத்தியலால் அடித்தால் அழுந்திக்கொண்டே திரும்பும் கை இம்பேக்ட் டிரைவர் இருக்கிறது. பழைய ஹோண்டா என்ஜினைத் திறக்க நினைக்கிறவருக்கு, என் கணக்கில், இதுதான் முதல் செலவு. பாலிஷ் பிறகு வாங்கலாம்.

ஆங்கிலேய வண்டிகளில் வேறு தலைவலி. பழைய பிஎஸ்ஏ, டிரையம்ப், நார்ட்டன் ஆகியவற்றின் நட்டுகள் பெரும்பாலும் விட்வொர்த் என்ற பழைய ஆங்கிலேய அங்குல முறை ஸ்பானர் அளவில் இருக்கும். கால் அங்குல விட்வொர்த் ஸ்பானரின் வாய் ஏறத்தாழ 13.3 மில்லிமீட்டர். 13 நுழையாது, 14 ஆடும். ‘ஆடினால் என்ன, இழுத்துப் பார்ப்போம்’ என்று 14-ஐப் போட்ட இடத்தில்தான் மூலை மழுங்கிய நட்டு பிறக்கிறது. சாக்கெட் வாங்கும்போதும் உள்ளே 12 முனை உள்ளதை விட்டு 6 முனை உள்ளதை எடுங்கள். அது மூலையைப் பிடிக்காமல் தட்டைப் பக்கத்தைப் பிடிக்கும்.

திசையையும் ஒரு முறை யோசிக்க வேண்டும். பல யமஹா வண்டிகளில் வலப்பக்கக் கண்ணாடிக்கு இடது மரை, அதாவது வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்பினால்தான் கழலும். ‘அண்ணே, வரமாட்டேங்குது’ என்று தம்பி பைப்பை மாட்டி நெம்பும்போது, அவன் அதை இறுக்கிக்கொண்டிருப்பான்.

உண்மையாகவே இறுகியதற்கு வருவோம். இரும்பு போல்ட்டில் இரும்பு நட்டு, நடுவில் செந்துரு என்றால் எண்ணெய் வேலை செய்யும். ஆனால் எந்த எண்ணெய்? நம் ஊரில் எல்லார் கையும் முதலில் போவது டபிள்யூடி-40 டப்பாவுக்கு. 1953-இல் அமெரிக்காவில் அதை உருவாக்கியது ஈரத்தை விரட்டித் துரு வராமல் தடுக்க. பெயரில் இருக்கும் 40, நாற்பதாவது கலவை என்பதைக் குறிக்கிறது. இறுகிய மரைக்குள் ஊடுருவுவதற்கென்றே செய்த எண்ணெய்கள் தனியாகக் கடையில் கிடைக்கின்றன. ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெயையும் (ஏடிஎஃப்) அசிட்டோனையும் சரிபாதி கலந்து பயன்படுத்துகிறவர்களும் உண்டு. அது பிரிந்துவிடும், ஒவ்வொரு முறையும் குலுக்க வேண்டும், பெயின்டைத் தின்னும், தீயும் பிடிக்கும். எதை ஊற்றினாலும் ஐந்து நிமிடத்தில் ஸ்பானரைப் போட்டால் எண்ணெய்க்குச் செய்த செலவு வீண். இரவு முழுக்க விடுங்கள், நடுவில் சின்னச் சுத்தியலால் தலையில் தட்டுங்கள், மறுநாள் மறுபடி ஊற்றுங்கள். கழற்றும்போதும் முதலில் இறுக்கும் பக்கம் ஒரு நூலளவு அசைத்துவிட்டு, பிறகு தளர்த்தும் பக்கம் போங்கள்.

அலுமினியத்துக்குள் இரும்பு போல்ட் என்றால் கதை மாறும். இரண்டு உலோகமும் உப்பு ஈரமும் சேர்ந்தால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாக ஊதி மரையை நிரப்பிக்கொள்ளும். அதற்குள் எண்ணெய் சரியாக நுழையாது. இங்கே கை கொடுப்பது சூடு. ஒவ்வொரு டிகிரிக்கும் அலுமினியம் பத்து லட்சத்தில் சுமார் 23 பங்கு விரியும், இரும்பு சுமார் 12 பங்குதான். ஆகவே போல்ட்டைச் சுற்றியுள்ள உறையைச் சூடாக்க வேண்டும். போல்ட்டையே சூடாக்கினால் அது விரிந்து இன்னும் இறுகும். இரும்பு நட்டு, இரும்பு ஸ்டட் (தலையில்லாத மரைக் கம்பி) என்றால் சுடவேண்டியது நட்டை.

சூட்டில் நடக்கும் தவறுகள் ஆளையே காயப்படுத்தும். டேங்க்கையும் கார்புரேட்டரையும் கழற்றி தூரமாக வைக்காமல் டார்ச்சைப் பற்றவைக்கவே கூடாது. பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் நெருப்பைக் காட்டாதீர்கள். குளோரின் கலந்த வகைகள் சூட்டில் சிதைந்து பாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாகும். இரும்பு சிவந்து எச்சரிக்கும். அலுமினியமோ நிறம் மாறாமலே இருந்து, உருகும் சூட்டை எட்டியதும் திடீரென்று சரிந்துவிடும். ஹீட் கன் போதும். தெளித்த தண்ணீர் சொய்யென்று துள்ளி ஆவியாகும் சூட்டிலேயே பல போல்ட்டுகள் விட்டுக்கொடுத்துவிடும். அருகிலுள்ள ஆயில் சீல் எப்படியும் போகும், புதியது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பிஸ்டன் பிடித்துக்கொண்டால் கிக்கரில் ஏறி மிதிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். உடைவது கிக்கர் ஷாஃப்டும் உள்ளே இருக்கும் பல்லும்தான். ஸ்பார்க் பிளக் துளை வழியாகக் கம்பியை விட்டு அடிப்பது அதைவிடக் கொடுமை; பிஸ்டன் தலை அலுமினியம், குழி விழும் அல்லது ஓட்டையே விழும். பிளக் துளையில் டீசலும் கியர் எண்ணெயும் கலந்து ஊற்றிச் சில நாள் விடுங்கள். பிறகு டாப் கியரில் போட்டுப் பின் சக்கரத்தை முன்னும் பின்னும் மெல்ல ஆட்டிப் பாருங்கள். அசையவில்லையென்றால் ஹெட்டைக் கழற்றி, பிஸ்டனுக்கு மேலே சிலிண்டர் சுவரில் படிந்த துருவை நுண்ணிய எமரி தாளால் முதலில் தேய்த்து எடுக்க வேண்டும். அதைச் செய்யாமல் தள்ளினால் பிஸ்டன் ரிங் அந்தத் துருமேட்டில் முட்டி உடையும். தட்டுவதானால் சிலிண்டர் துளையைவிடக் கொஞ்சம் சிறிய கெட்டி மரக்கட்டையை வைத்துத் தட்டுங்கள். கம்ப்ரெஸர் காற்றால் பிஸ்டனை வெளியே தள்ளும் யோசனையைச் சிலர் சொல்வார்கள், டிஸ்க் பிரேக் காலிப்பருக்கும் சொல்வார்கள். அது விடுபடும் நொடியில் குண்டு போலப் பாயும், விரல் போகும். ஊற்றிய டீசல் கீழே இறங்கி என்ஜின் எண்ணெயில் கலந்திருக்கும் என்பதால், முதல் ஸ்டார்ட்டுக்கு முன் எண்ணெயை வடித்து மாற்றுங்கள்.

போல்ட் உடைந்தே போனால், உடைந்த போல்ட்டைத் திருகி எடுக்கும் ‘ஈசி அவுட்’ விற்கும் கடைக்காரர் பேச்சைக் கேட்டு ஓடாதீர்கள். அது மிகக் கடினமாக்கப்பட்ட எஃகு. உள்ளே முறிந்தால் சாதாரண டிரில் அதன்மேல் கீறல்கூடப் போடாது. மின்பொறியால் அரித்து எடுக்கும் இயந்திரம் உள்ள, மோல்டு செய்யும் பட்டறையைத் தேட வேண்டும். உடைந்த முனைமேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்வது நல்ல வழி. பிடியும் கிடைக்கும், வெல்டிங் சூடே இறுக்கத்தையும் உடைத்துவிடும். முனை உள்ளே புதைந்திருந்தால் இடது சுழல் டிரில் பிட் போடுங்கள். துளைக்கும்போதே சில நேரம் போல்ட் சுழன்று வெளியே வந்துவிடும்.

சக்கர அச்சு, ஸ்விங் ஆர்ம் அச்சு இவற்றை அடித்து எடுக்கும்போது நட்டை மரை நுனி வரை திருப்பி வைத்து, பித்தளைச் சுத்தியலால் அடியுங்கள். வெறும் நுனியில் இரும்பால் அடித்தால் அது காளான் போல விரிந்து, பிறகு துளை வழியே வராது. என்ஜின் எண், சேஸிஸ் எண் பொறித்த இடத்தருகே கிரைண்டர் போகவே கூடாது. எண் அழிந்த வண்டியோடு ஜேபிஜேவுக்கு (சாலைப் போக்குவரத்துத் துறை) விளக்கம் சொல்லப் போவது எந்தத் துருவையும்விடக் கஷ்டம்.

திரும்பப் பூட்டும்போது, பளபளப்புக்காக எல்லா இடத்திலும் ஸ்டெயின்லெஸ் போல்ட் போடுகிறார்கள். அலுமினியத்தில் ஸ்டெயின்லெஸ்ஸை வெறுமனே பூட்டினால் பழைய கதை மறுபடி தொடங்கும். மரையில் இறுகல்தடுப்புப் பசை (ஆன்ட்டி-சீஸ்) தடவுங்கள். பசை வழுக்கும் என்பதால், காய்ந்த மரைக்குக் கொடுத்த முறுக்கு அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஸ்பார்க் பிளக்குக்கு மட்டும் அந்தப் பசை வேண்டாம். முலாம் பூசிய மரையுள்ள பிளக்குகளில் தடவினால் அளவுக்கு மேல் இறுகி முறிந்துவிடும் என்று தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள்.