ஏர்கான் பழுதுபார்த்த பிறகு காரில் வாடையா? எங்கிருந்து வருகிறது என்று நீங்களே கண்டுபிடிக்கலாம்

காரின் ஏர்கானைச் சரிசெய்து எடுத்து வந்த சில நாளிலேயே உள்ளே ஒரு வாடை. குளிருக்குக் குறைவில்லை, பணமும் கட்டியாயிற்று, ஆனால் கதவைத் திறந்து உட்கார்ந்ததும் மூக்கைச் சுளிக்க வைக்கிறது. இந்த நேரத்தில் பலர் செய்வது இரண்டில் ஒன்று. ஒரு வாசனைப் புட்டியை வாங்கிக் காற்று வரும் துவாரத்தில் மாட்டிவிடுவார்கள். அல்லது ஒர்க்‌ஷாப்புக்குப் போய் "நாத்தம் அடிக்குது" என்று மட்டும் சொல்வார்கள். முதலாவதில் இருக்கிற துப்பும் அழிந்துபோகிறது. இரண்டாவதில், எதைத் தேடுவது என்று தெரியாத மெக்கானிக் ஏதோ ஒரு ஸ்ப்ரேயை அடித்து அனுப்பிவிடுவார். வாடை திரும்ப வந்துவிடும்.

என்ன வாடை என்பதோடு, அது எப்போது வருகிறது என்றும் பாருங்கள். எந்தப் பொத்தானை அழுத்தினால் கூடுகிறது, எதை அழுத்தினால் அடங்குகிறது என்று கவனித்தாலே, கையில் ஒரு கருவியும் இல்லாமல் பாதி வேலை முடிந்துவிடும்.

முதலில், ஓட்டவே கூடாத வாடைகள்

பெட்ரோல் வாடை, புகைபோக்கிப் புகையின் வாடை, வயர் அல்லது பிளாஸ்டிக் எரியும் வாடை. இந்த மூன்றில் எது வந்தாலும் சோதனை எதுவும் வேண்டாம். கண்ணாடிகளை இறக்குங்கள், பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி எஞ்சினை அணையுங்கள், எல்லாரும் இறங்கிவிடுங்கள். புகையோ தீயோ தெரிந்தால், சிங்கப்பூரில் 995-ஐ அழையுங்கள்.

புகைபோக்கி வாடையைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அதோடு கலந்து வரும் கார்பன் மோனாக்ஸைடு வாயுவுக்கு வாடையே கிடையாது. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் என்று உடம்புதான் காட்டிக்கொடுக்கும். எஞ்சின் பக்கம் வேலை பார்த்தபோது எக்ஸாஸ்ட் கேஸ்கெட்டை (புகைக்குழாய் இணைப்பில் புகை கசியாமல் அடைக்கும் தகட்டை) சரியாக முடுக்காமல் விட்டிருக்கலாம், பானெட்டின் பின்விளிம்பில் உள்ள ரப்பர் பட்டையைத் திரும்ப மாட்டாமல் விட்டிருக்கலாம். வெளிக்காற்றை உள்ளே இழுக்கும் வாய் அந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஒரு விஷயம்: காலாங்-பாய லேபார் விரைவுச்சாலைச் சுரங்கத்திலோ மரினா கடலோர விரைவுச்சாலைச் சுரங்கத்திலோ மட்டும் புகை வாடை வந்து, வெளியே வந்ததும் போய்விட்டால், அது பெரும்பாலும் உங்கள் காருடையது அல்ல.

விரைவுச்சாலையில் நின்றுபோனால், நிலப் போக்குவரத்து ஆணையத்தின் இழுவை வண்டி பக்கத்தில் உள்ள குறிப்பிட்ட கார்நிறுத்துமிடம் வரை இலவசமாக இழுத்துச் செல்லும். அதனால் "எப்படியாவது வீடு வரை ஓட்டிவிடலாம்" என்று துணியாதீர்கள்.

எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் கசிந்து, இனிப்பான வாடையோடு எஞ்சின் வெப்பமானி ஏறினாலும் இதே விதிதான்.

பில்லை எடுத்துப் படியுங்கள்

என்ன வேலை செய்தார்கள் என்று தெரியாமல் வாடையைத் துரத்த முடியாது. பில்லில் எழுதியது புரியவில்லை என்றால் ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள்: கேஸ் மட்டும் ஏற்றினீர்களா, கம்ப்ரசர் மாற்றினீர்களா, கூலிங் காயில் (காற்றைக் குளிரவைக்கும் பாகம்) மாற்றினீர்களா, டேஷ்போர்டைக் கழற்றினீர்களா?

கேஸ் மட்டும் ஏற்றியிருந்தால், அந்தக் கேஸுக்குப் பெரிதாக வாடை கிடையாது. பழைய கார்களில் ஆர்-134ஏ, புதியவற்றில் ஆர்-1234ஒய்எஃப். "கேஸ் வாடை" என்று நாம் சொல்வது, அதோடு ஓடும் கம்ப்ரசர் எண்ணெயும் கசிவைக் காட்ட ஊற்றும் சாயமும் வெளியே வந்த வாடையாகத்தான் இருக்கும். காருக்குள் அது வருகிறது என்றால் டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலிலேயே கசிவு இருக்கலாம். குளிரும் நாளுக்கு நாள் குறைந்தால் சந்தேகம் உறுதி.

கூலிங் காயில் புதிதாக மாற்றியிருந்தால், முதல் சில நாள் லேசான பசை, பிளாஸ்டிக், எண்ணெய் வாடை வருவது இயல்பு. கண்ணாடியை இறக்கி ஓட்டினால் நாளாக ஆகக் குறைய வேண்டும். குறையாமல் கூடினால்தான் கவலை.

எஞ்சின் பக்கம் வேலை நடந்திருந்தால், எக்ஸாஸ்ட் மேல் சிந்திய எண்ணெய் சூட்டில் தீயும் வாடை, சிவப்பு விளக்கில் நிற்கும்போது மட்டும் வரலாம். சிந்தியது கொஞ்சம் என்றால் தானாக எரிந்து தீர்ந்துவிடும். தீராவிட்டால் இன்னும் எங்கோ ஒழுகுகிறது.

பொத்தான் சோதனை

சிங்கப்பூரில் நிறுத்திய காரில் எஞ்சினைச் சும்மா ஓடவிடுவது குற்றம். அதனால் இதை ஒரு சிறு சுற்று ஓட்டியபடியே செய்யுங்கள். பக்கத்து இருக்கையில் ஒருவர் உட்கார்ந்து பொத்தானை அழுத்தி, போனில் குறித்துக்கொள்ளட்டும். ஓட்டுபவர் அதைச் செய்யக்கூடாது. இரவெல்லாம் நின்ற கார், காலை நேரம், லாரிக்குப் பின்னால் போகாத சாலை, இதுதான் நல்ல சூழல். முந்தின நாளே வாசனைப் பொருள்களை எல்லாம் வெளியே எடுத்துவிடுங்கள்.

முதலில் ஏசி பொத்தானை அணைத்து, வெளிக்காற்றில் ஃபேன் மட்டும் ஓடட்டும். பிறகு ஏசியைப் போடுங்கள். அடுத்து, கார் படத்துக்குள் வளைந்த அம்புக்குறி உள்ள பொத்தானை அழுத்தி, உள்காற்றையே சுற்றவிடுங்கள். ஃபேனை உச்சத்துக்கு ஏற்றுங்கள். பிறகு ஏசியை மட்டும் அணைத்து, ஃபேன் ஓட ஒன்றிரண்டு நிமிடம் காத்திருங்கள். காரில் ஹீட்டர் இருந்தால் கடைசியாக வெப்பத்துக்குத் திருப்புங்கள்.

ஏசியை அணைத்த சிறிது நேரத்தில் வாடை குப்பென்று வந்தால், இடம் கூலிங் காயில். காயில் குளிர்ச்சி இழந்து, அதில் ஒட்டிய நீர் ஆவியாகும்போது வாடையையும் தூக்கிக்கொண்டு வருகிறது. சிவப்பு விளக்கில் எஞ்சின் தானாக நின்றுபோகும் வகைக் கார்களில், விளக்கு விழும் ஒவ்வொரு முறையும் வாடை வந்து, கிளம்பியதும் மறைவது இதனால்தான்.

வெளிக்காற்றில் மட்டும் வந்தால் எஞ்சின் பகுதியையோ முன்கண்ணாடியின் அடிப்பகுதியையோ பாருங்கள். உள்காற்றில் மட்டும் கூடினால் கம்பளம், இருக்கை, பூட். டுரியான் பருவத்தில் பழத்தை உள்காற்றுப் பொத்தானோடு ஏற்றி வந்திருந்தால் அந்த வாடை துணியிலும் ஃபில்டரிலும் தங்கிவிடும். அதற்கு ஒர்க்‌ஷாப் பொறுப்பல்ல. ஹீட்டரில் மட்டும் இனிப்பு வாடை கூடினால் ஹீட்டர் காயிலில் கூலன்ட் கசிகிறது. முன்கண்ணாடியின் உட்புறத்தில் துடைத்தாலும் போகாத ஒரு பிசுக்குப் படலமும் படிந்திருக்கும். இதை நீங்களே சரிசெய்ய முயல வேண்டாம்.

மக்கிய ஈர வாடை: அதிகம் வருவது இதுதான்

காயாத துணியை மூட்டை கட்டி வைத்தது போன்ற இந்த வாடை ஏன் பழுதுபார்த்த பிறகு வருகிறது என்று பலர் கேட்கிறார்கள். காரணம் எளிது. ஏர்கான் கெட்டிருந்த நாள்களில் காயில் காய்ந்து கிடந்தது. அதன் மேல் தூசும் பூஞ்சையும் உறங்கிக்கொண்டிருந்தன. கேஸ் ஏற்றியதும் காயில் மறுபடி நன்றாகக் குளிர்கிறது, ஐஸ் போட்ட மைலோ கோப்பை வேர்ப்பது போல வேர்க்கிறது, உறங்கியது எல்லாம் ஈரத்தில் விழித்துக்கொள்கிறது. நம் ஊரில் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டைச் சுற்றியே இருப்பதால் அந்த ஈரம் தானாகக் காயவும் காயாது.

இதற்கு நான்கு இடங்களைப் பாருங்கள், இந்த வரிசையில்.

காருக்கு அடியில். ஏசி போட்டு 15 நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். முன்பக்கம், டேஷ்போர்டுக்கு நேர் கீழே தெளிந்த தண்ணீர் சொட்ட வேண்டும். இந்த ஈரக்காற்றில் ஒரு சொட்டுகூட விழவில்லை என்றால், குளிர் வரும் நிலையில், காயிலில் வேர்க்கும் நீரை வெளியேற்றும் வடிகுழாய் அடைத்திருக்கிறது அல்லது மாட்டப்படவில்லை.

பயணியின் காலடியில். எனக்குத் தெரிந்த ஓர் அக்காவின் காரில் கூலிங் காயில் மாற்றிய பிறகு இந்த வாடை. காயிலைத்தான் மறுபடி கழுவ வேண்டும் என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்லிவிட்டார்கள். இடதுபக்க மிதியடியைத் தூக்கி, கம்பளத்தின் மேல் டிஷ்யூவை வைத்து உள்ளங்கையால் அழுத்தினோம். மேல்புறம் காய்ந்தாற்போல இருந்த கம்பளத்திலிருந்து நீர் ஊறி, டிஷ்யூ கையோடு ஒட்டிக்கொண்டது. நிறம் இல்லை, பிசுபிசுப்பு இல்லை, வெறும் தண்ணீர். "அக்கா, இது காயில் நாத்தம் இல்ல, கம்பளம் ஊறிக் கிடக்கு" என்றேன். டேஷ்போர்டைத் திரும்பப் பூட்டியபோது வடிகுழாயைச் செருகாமல் விட்டிருந்தார்கள். குழாயை மாட்டி, கம்பளத்தைத் தூக்கி அடியில் இருந்த பஞ்சைக் காயவைத்ததும் வாடை போனது. பஞ்சைக் காயவைக்காமல் குழாயை மட்டும் மாட்டியிருந்தால் போயிருக்காது.

கேபின் ஃபில்டரில். உள்ளே வரும் காற்றை வடிகட்டும் இது, பல கார்களில் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். பெட்டியைக் காலி செய்யுங்கள், பக்கத்தில் உள்ள சிறு தடுப்புக் கையைக் கழற்றுங்கள், இரு பக்கச் சுவரையும் உள்ளே அழுத்தினால் பெட்டி கீழே இறங்கும். பின்னால் தெரியும் மூடியைத் திறந்து ஃபில்டரை இழுங்கள். இழுக்கும் முன் அதன் விளிம்பில் உள்ள அம்புக்குறி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு அதைக் காருக்கு வெளியே கொண்டுபோய் முகருங்கள். வாடை அதிலேயே இருந்தால் புதியது மாற்றுங்கள், கழுவிப் போட வேண்டாம். ஈரமாக இருந்தால் மழைநீர் உள்ளே இறங்குகிறது. எலிப் புழுக்கையோ கிழிந்த பஞ்சோ இருந்தால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கார்நிறுத்துமிட எலிகளுக்கு இந்த இடம் பிடிக்கும். அழுகல் வாடை என்றால் செத்தது ஏதேனும் உள்ளே கிடக்கிறதா என்று தேட வேண்டியதுதான்.

முன்கண்ணாடியின் அடியில். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) திறந்தவெளி கார்நிறுத்துமிடங்களில் தூங்குமூஞ்சி மரத்துக்குக் கீழே நிறுத்துபவர்கள் இதை அவசியம் பார்க்க வேண்டும். அந்தப் பொடி இலைகள் வைப்பருக்குக் கீழே உள்ள சல்லடை வழியே இறங்கி, மழையில் ஊறி, கறுத்த சேறாக மக்கிப்போகும். காற்று உள்ளே போகும் வழியே அதுதான். பானெட்டைத் திறந்து கையால் அள்ளிப்போடுங்கள். வடிகால் துளை திறந்திருக்கிறதா என்று ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்.

நான்கும் சரியாக இருந்தால் மட்டுமே காயிலைச் சுத்தம் செய்யும் நுரை மருந்துக்கு வாருங்கள். கடையில் விற்கும் புட்டியில் நீண்ட மெல்லிய குழாய் இருக்கும். காருக்கென்றே விற்பதை வாங்கி, புட்டியில் எழுதிய இடத்தில் மட்டும் அடியுங்கள். ஃபேன் மோட்டாரிலோ மின்பாகங்களிலோ படக்கூடாது. குளோராக்ஸ் வகை ப்ளீச்சை ஒருபோதும் ஊற்றாதீர்கள், அலுமினியக் காயிலை அரித்துவிடும், ஆவியை நீங்கள்தான் சுவாசிப்பீர்கள். மின்சாரக் காரில் ஆரஞ்சு நிற வயர்களின் பக்கமே போக வேண்டாம்.

பிறகு ஒரு பழக்கம். வீடு வந்து சேர 5 நிமிடம் இருக்கும்போது ஏசியை அணைத்து, வெளிக்காற்றில் ஃபேனை மட்டும் ஓடவிடுங்கள். கொஞ்சம் புழுக்கமாகத்தான் இருக்கும். ஆனால் காயில் ஈரத்தோடு இரவு முழுவதும் கிடக்காது.

ஒர்க்‌ஷாப்பில் எப்படிச் சொல்வது

ஒர்க்‌ஷாப்புகள் நிறைந்த காக்கி புக்கிட்டோ சின் மிங்கோ, எங்கே போனாலும் குறித்ததைக் காட்டிப் பேசுங்கள். "அண்ணே, காலையில முதல் தடவை ஸ்டார்ட் பண்ணும்போது வருது. ஏசிய நிறுத்தி ஃபேன் மட்டும் ஓடினா ஒரு நிமிஷத்துல கூடுது. வெளிக்காத்து, உள்காத்து ரெண்டுலயும் ஒண்ணுதான். கம்பளம் காஞ்சிருக்கு, கீழ தண்ணி சொட்டுது, ஃபில்டர் புதுசு." இவ்வளவு சொன்னால் அவர் நேரே காயிலுக்குத்தான் போவார். உள்ளே கேமரா விட்டுப் படம் காட்டச் சொல்லுங்கள். டேஷ்போர்டைக் கழற்றுவது பல மணிநேரக் கூலி, அதனால் கழற்றும் முன் விலையை எழுத்தில் வாங்குங்கள். கசிவுச் சந்தேகம் என்றால் நைட்ரஜன் அடைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். திரும்பத் திரும்பக் கேஸ் ஏற்றிக்கொள்ள ஒப்பாதீர்கள்.

அவர்கள் வேலையால் வந்த கோளாறு என்று தெரிந்தும் மறுத்தால், சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம். சிறு கோரிக்கைகளுக்கான நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரையிலான வழக்கை 2 ஆண்டுக்குள் தொடுக்கலாம். உங்கள் குறிப்பும், நனைந்த கம்பளத்தின் படமும், பில்லும் அங்கே பேசும். ஜோகூரில் சரிசெய்திருந்தால் இந்த வழி அவ்வளவு சுலபமில்லை. அதனால் பாலம் தாண்டி வேலை கொடுப்பவர்கள் உத்தரவாதம் எத்தனை மாதம் என்பதை முதலிலேயே ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் முறை காரை எடுக்கும்போது, பணம் கட்டும் முன் ஒரு சுற்று ஓட்டி, கீழே தண்ணீர் சொட்டுகிறதா என்று குனிந்து பாருங்கள். இரவு காரைப் பூட்டி வைத்துவிட்டு மறுநாள் காலை அதே பொத்தான் வரிசையை ஒருமுறை செய்து, பழைய குறிப்போடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் இல்லை என்றால் அன்றைக்கே போன் செய்யுங்கள்.