மலையகத் தண்ணீரைப் படம் எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அருவிக்கு முன்னால் ட்ரைபொடை ஊன்றியதும், தண்ணீரைப் பார்க்கும் முன்பே ஷட்டரைப் பத்து செக்கனுக்குத் திருப்பிவிடுகிறோமே, அதுதான் முதல் தவறு. அப்படி எடுத்தால் எந்த அருவியும் தொங்கப்போட்ட வெள்ளைத் துணி மாதிரிதான் வரும். 97 மீற்றர் உயரத்திலிருந்து பாறையில் தட்டிப் பிரிந்து இறங்கும் டெவன் அருவிக்குக் கால் செக்கன், அரை செக்கன் போதும். இழை இழையாக நிற்கும். பதுளை துன்ஹிந்த அருவியின் சிறப்பே கிளம்பும் தூவானம். அதற்கு 1/500 செக்கன் வரை ஷட்டர் வேகம் கூட்டிப் பாருங்கள். ஒவ்வொரு தண்ணீருக்கும் ஒரு நடை உண்டு. சின்ன வயதிலிருந்து என்னை இழுப்பது அந்த நடைதான், அதை அழித்துவிட்டு எதைப் படம் எடுப்பது?

பளபளப்பைக் குறைக்கிற போலரைஸர் ஃபில்டரை லென்ஸில் மாட்டிவிட்டுச் சுழற்றாமல் விடுவது அடுத்தது. ஈரப் பாறையின் பளபளப்பு போய்ப் பாசியின் பச்சை தெரிகிற இடம் ஒன்று வரும், அங்கே நிறுத்துங்கள். ஆனால் தூவானத்தில் வானவில் விழுந்திருந்தால் கவனம்: ஒரு திருப்பில் அது இன்னும் பளிச்சிடும், இன்னொரு திருப்பில் காணாமலே போய்விடும்.

பருவம் பார்க்காமல் வருகிறவர்களும் நிறைய. தென்மேல் பருவமழை மே முதல் செப்டெம்பர் வரை தலவாக்கலை, ஹட்டன் பக்கத்துச் சரிவை நனைக்கும். பதுளைப் பக்கம் வடகீழ் மழைக்காகக் காத்திருக்க வேண்டும். 263 மீற்றர் உயரமான பம்பரகந்த அருவியே வறட்சியில் மெலிந்துபோகும். தலவாக்கலைப் பக்கத்து சென்கிளேயர் அருவியின் கதை வேறு. மேல் கொத்மலை நீர்மின் திட்டத்துக்குப் பிறகு ஆற்றுத் தண்ணீரில் பெரும்பங்கு சுரங்கத்துக்குள் போகிறது. பகலில் அருவிக்கென்று திறந்துவிடுவதைத்தான் நாம் பார்க்கிறோம். விடியலுக்கு முன்பே போய் நின்று பயனில்லை.

அதற்காக வறட்சியில் கமராவை உறையில் போட்டு வைக்காதீர்கள். மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கம் வற்றினால், 1960களின் கடைசியில் மூழ்கிய பழைய மஸ்கெலியாவின் கோயில் வெளியே தெரியும். அங்கே சேற்றில் கண்டபடி இறங்க வேண்டாம். அப்புறம், மேலே மலையில் மழை கறுத்தால் ஆற்றுப் பாறையில் நிற்கவே கூடாது. நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும்போதே தண்ணீர் வந்துவிடும்.

எனக்கு அதிகம் வருத்தம் தருவது, அருவியைத் தவிர வேறு தண்ணீரே கண்ணில் படாதது. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பீலிக்கரைக்குப் போங்கள், மலைத் தண்ணீர் குழாயாக விழுகிற இடம் அது. பீலியில் ஒரே ஒழுக்காக வருவது, கீழே வரவர மணிமணியாக உடையும். பக்கவாட்டு வெயிலில் 1/1000 வைத்தால் ஒவ்வொரு துளியும் தனியாக நிற்கும். ஆனால் அது பெண்கள் குளிக்கிற, துணி துவைக்கிற இடம். லயத்து ஆட்களிடம் முதலில் கேளுங்கள். ஆள் இல்லாத நேரத்தை அவர்களே சொல்வார்கள்.